பாப்பாவின் மீட்டிங்குக்குள் யார் வரலாம்

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. வயது முப்பத்தெட்டு, காதோரம் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் பாப்பாதான். வெளியே அவள் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள், தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து குரல் எழும்பாதவர்கள், திக்கித் திக்கிப் பேசுகிறவர்கள் என்று வாரத்துக்குப் பதினெட்டுப் பேர் அவளிடம் வீடியோ மீட்டிங்கில் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். படுக்கையறையை ஒட்டிய சின்ன அறைதான் க்ளினிக். ஒரு மேசை, ஒரு லேப்டாப், டப்பா டப்பாவாகப் பட அட்டைகள், கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. வருகிறவர்கள் கதவு வழியாக வரவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆளுக்கொரு ஊரில் இருந்த சொந்தக்காரர்கள் அவரைப் பார்க்கட்டும் என்று பாப்பா தன் பெயரில் ஒரு மீட்டிங் லிங்க் உண்டாக்கிக் குடும்ப குரூப்பில் போட்டாள். அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். லிங்க் மட்டும் எல்லோருடைய ஃபோனிலும் அப்படியே தங்கிவிட்டது. க்ளினிக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நோயாளிகளுக்கும் அதையே கொடுத்தாள். எண் மாறாது, பாஸ்வேர்ட் கிடையாது, தொட்டால் திறந்துகொள்ளும். கை நடுங்குகிறவர்களுக்கு அதுதானே சௌகரியம் என்று நினைத்தாள். சொந்தக்காரர்களுக்கும் அதுவே சௌகரியமாகப் போனது.

சித்தப்பா செய்தித்தாள் படிக்கும்போது விரல் பட்டு உள்ளே வந்துவிடுவார். வந்தால் வெளியே போகத் தெரியாது. அவர் வீட்டு மின்விசிறி அரைமணி நேரம் திரையின் மூலையில் சுற்றிக்கொண்டிருக்கும். "ஹலோ, ஹலோ, யாராவது இருக்கீங்களா?" என்று நடுநடுவே குரல் வரும். அண்ணன் ஒருமுறை சவரம் செய்துகொண்டே வந்தான். அம்மா வந்து, "நீ வேலையா இருக்கியா? சரி சரி, நான் சும்மா பாத்துட்டுப் போறேன்" என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டாள், ஏதோ பாப்பா பள்ளிக்கூட மேடையில் பாடுகிற மாதிரி.

இவர்களையெல்லாம் சேர்த்தாலும் அத்தை ஒருத்திக்கு ஈடாகாது.

அத்தை, அப்பாவின் அக்கா. ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பது வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, யார் வந்தாலும் என்ன ஏது என்று விசாரித்து அனுப்பியவள். ஓய்வு பெற்ற பிறகு விசாரிக்க ஆள் இல்லை. ஃபோன் பண்ணினால் பாப்பா எடுப்பதில்லை, வகுப்பில் இருப்பாள். லிங்க்கைத் தொட்டால் ஆள் முகத்தோடு கிடைத்துவிடுகிறாள். அத்தைக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று.

"அத்தை, வேலை நேரத்துல வராதீங்க. உள்ள ஆள் இருப்பாங்க" என்று பாப்பா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

"தெரியும்டி. நான் எட்டிப் பாப்பேன். ஆள் இருந்தா போயிடுவேன்."

"எட்டிப் பாக்கறதே தப்பு அத்தை!"

"என்ன தப்பு? நான் என்ன அந்நியமா?"

கணவன் ஒரு அச்சகத்தில் மேற்பார்வையாளன். ஒருநாள் அவன் கேட்டான்: "ஒரு பூட்டு போடறதுக்கு நாலு வருஷமா? செட்டிங்ஸ்ல போய் ரெண்டு பட்டனை மாத்தினா முடிஞ்சுது." பாப்பாவுக்கும் அது தெரியும். இந்த வாரம் செய்யலாம், அடுத்த வாரம் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். பூட்டினால் நோயாளிகள் தடுமாறுவார்களே என்பது ஒரு சாக்கு. அத்தை என்ன சொல்வாளோ என்பதுதான் நிஜம்.

அந்த நோயாளிகளில் ஒருவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வார்த்தைகள் போய்விட்டன. சொல்வதெல்லாம் புரியும். நினைப்பதும் தெளிவாக இருக்கும். நாக்குக்கு வரும் வழியில்தான் எங்கோ அடைத்துக்கொள்ளும். உரத்த குரலில் ஊரையே அதட்டிய மனிதர், தன் குழறலை யாரும் கேட்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஃபோனை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் மனைவிகூட வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பாப்பா மட்டும்தான் கேட்கலாம்.

பயிற்சியில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. படத்தைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் அந்த வார்த்தையை நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது. அவர் தானாகத் தேடி எடுக்கும் வார்த்தைதான் அவருக்குத் தங்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய சோதனை. பாப்பா மேசைக்கடியில் இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அன்று புதன்கிழமை, காலை பதினொரு மணி. குடையின் படம் திரை முழுக்க இருந்தது. டிரைவரின் முகம் மேலே சின்னக் கட்டத்தில் தெரிந்தது. யாராவது உள்ளே வந்தால் அடிக்கும் மணிச் சத்தம் அவரைத் திடுக்கிட வைக்கிறது என்று பாப்பா முன்பே அதை நிறுத்தி வைத்திருந்தாள்.

"கு..." என்றார் டிரைவர்.

ஏழு வாரத்தில் முதல் முறையாகச் சரியான எழுத்து. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பத்து விநாடி. இருபது விநாடி. அவர் நெற்றியில் நரம்பு புடைத்தது. இடது கை மேசை விளிம்பைப் பற்றியது. "கு... கு..." உதடு குவிந்தது, அடுத்த எழுத்துக்காக நாக்கு மேலே எழுந்தது.

"குடைங்க! குடை! மழைக்குப் பிடிப்போமே, அது!"

அறையே அதிர்ந்தது. அத்தை. எப்போது வந்தாளோ தெரியவில்லை, இரண்டாவது கட்டத்தில் மூக்குக்கண்ணாடியோடு முகத்தைத் திரையில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அத்தை, வெளிய போங்க!"

"இருடி, மிக்ஸி மூடி உன் வீட்லயா விட்டேன்னு கேக்க வந்தேன். பாவம், இவரு இப்படித் தவிக்கிறாரு, நீ கல்லு மாதிரி பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. ஏங்க, வாய் ஏன் இப்படிக் கோணியிருக்கு? மருந்து சாப்பிடறீங்களா?"

பாப்பா கைக்குக் கிடைத்த பட்டன்களையெல்லாம் அழுத்தினாள். முதலில் தன் குரலை மியூட் செய்தாள். பிறகு தன் வீடியோவை அணைத்தாள். அத்தையை வெளியேற்றும் பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் டிரைவரின் இடது கை பெரிதாகத் திரையை நோக்கி வந்தது. அவருடைய கட்டம் மறைந்துபோயிற்று.

"போயிட்டாரே. லைன் கட்டாயிடுச்சா?" என்றாள் அத்தை.

அடுத்த புதன்கிழமை டிரைவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பாப்பா ஃபோன் செய்தபோது அவர் மனைவி தணிந்த குரலில் பேசினாள்.

"வர மாட்டேங்கறாரு மேடம். ஃபோனைக் காட்டினாலே மூஞ்சியைத் திருப்பிக்கறாரு. வேற யாரோ ஒருத்தங்க பாத்துட்டாங்களாமே?"

"என் தப்புதான் அக்கா. இனிமே அப்படி நடக்காது. அவர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னேன். கேக்க மாட்டேங்கறாரு. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மேடம் குளிச்சு, சட்டை மாத்தி உக்காருவாரு. இப்ப அதுவும் இல்ல."

பாப்பா ஃபோனை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தை மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கதவைத் திறந்து வைத்திருந்திருக்கிறாள், நான்கு வருடமாக.

அன்று சாயங்காலமே செட்டிங்ஸைத் திறந்தாள். பழைய எண்ணை மாற்றினாள். பாஸ்வேர்ட் வைத்தாள். காத்திருப்பு அறை என்று ஒன்று இருந்தது. வருகிறவர்கள் அதில் நிற்பார்கள், அவர்கள் பெயரைப் பார்த்து அவள் 'அனுமதி' என்று அழுத்தினால்தான் உள்ளே வர முடியும். அதைப் போட்டாள். அவள் வருவதற்கு முன் யாரும் தொடங்க முடியாதபடி செய்தாள். குடும்பத்துக்கென்று தனியாக ஒரு லிங்க் உண்டாக்கி, 'ஞாயிறு காலை பத்து மணிக்கு மட்டும்' என்று குரூப்பில் போட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவன் கைதட்டினான்.

மறுநாள் காலை காத்திருப்பு அறையில் ஆறு பேர் நின்றார்கள். ஒருவர் நோயாளி. மீதி ஐந்தும் சொந்தம், அத்தை உட்பட. குரூப்பில் அவள் போட்டிருந்தது குடும்ப லிங்க் இல்லை, க்ளினிக் லிங்க். அதுவும் பாஸ்வேர்டோடு.

"ஐயோ, என்னை எதால அடிக்கறது!" என்று கத்தினாள் பாப்பா. பக்கத்து அறையிலிருந்து கணவன் ஓடிவந்தான்.

மறுபடியும் எண்ணை மாற்றி, பாஸ்வேர்ட் மாற்றி, குரூப்பில் சரியான குடும்ப லிங்க்கைப் போட்டு, பதினெட்டு நோயாளிகளுக்கும் தனித்தனியாக அனுப்பி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விளக்கினாள். அது முடிய இரண்டு நாளாயிற்று. வெள்ளிக்கிழமை மதியம் காத்திருப்பு அறையில் 'வீடு' என்று ஒரு பெயர் வந்து நின்றது. சித்தப்பா எப்படியோ புது எண்ணையும் பிடித்துவிட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியேற்றினாள். மறுபடி வந்தது. மறுபடி வெளியேற்றினாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஃபோன் அடித்தது. குரல் போன ஒரு பள்ளி ஆசிரியை, மூச்சுக் காற்றாகக் கேட்டார்: "மேடம்... நான் என்ன தப்பு பண்ணினேன்?" அவர் தன் வீட்டு ஃபோனுக்கு வைத்திருந்த பெயர் 'வீடு'.

சனிக்கிழமை அம்மா கூப்பிட்டாள்.

"அத்தை அழறா பாப்பா. அன்னிக்கு நாப்பது நிமிஷம் நிக்க வச்சியாமே?"

"எங்க நிக்க வச்சேன்? அவங்க வீட்டு சோபாவுலதானே உக்காந்திருந்தாங்க?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நீயே பேசிக்கோ."

பேசினாள். அத்தை ஃபோனை எடுத்ததும் ஹலோகூடச் சொல்லவில்லை.

"உன் கல்யாணத்துக்கு மூணு நாள் தூங்காம வேலை பாத்தவ நான். என்னை வாசல்ல நிக்க வச்சுட்ட. 'காத்திருக்கவும், விரைவில் அனுமதிக்கப்படுவீர்கள்'னு எழுத்து வேற ஓடுது. நான் முப்பது வருஷமா மத்தவங்களை உக்கார வச்சு அனுப்பினவடி. எனக்கே காத்திருக்கவுமா?"

"அத்தை, அது வாசல் இல்ல. என் க்ளினிக். ஒரு ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. டாக்டர் உள்ள ஒரு நோயாளியைப் பாத்துக்கிட்டு இருக்காரு. கதவைத் திறந்துட்டு உள்ள போவீங்களா?"

"போவேனே. நம்ம ஆஸ்பத்திரில நர்ஸு எனக்குப் பழக்கம். ஒண்ணும் சொல்ல மாட்டா."

பாப்பா கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வரை எண்ணினாள். போதவில்லை.

"அன்னிக்கு நீங்க குடைன்னு கத்தினீங்களே, அந்த மனுஷர் அதுக்கப்புறம் வரவே இல்ல. ஏழு வாரம் அத்தை. ஏழு வாரமா அந்த ஒரு எழுத்துக்குத் தவம் கிடந்தோம். அவரு சொல்ல வேண்டியதை நீங்க பிடுங்கிட்டீங்க. வாய் கோணியிருக்குன்னு முகத்துக்கு நேரா கேட்டீங்க. இனிமே பேசவே வேணாம்னு உக்காந்துட்டாரு."

ஃபோன் கட்டாகிவிட்டதோ என்று பாப்பா திரையைப் பார்த்தாள்.

"என்னாலயா?" என்றாள் அத்தை கடைசியில். குரல் சின்னதாகியிருந்தது. "உதவிதானேடி பண்ணினேன். தவிக்கிறாரேன்னு..."

"தெரியும் அத்தை."

"அவரு நம்பரைக் குடு. நான் பேசி மன்னிப்பு கேக்கறேன்."

"குடுக்க முடியாது. அவரு பேரைக்கூட நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது."

"ஊரையாவது சொல்லு. நேர்ல போய்..."

"அத்தை!"

"உள்ளயும் விட மாட்டேங்கற, மன்னிப்பு கேக்கவும் விட மாட்டேங்கற. என்ன படிப்பு படிச்சியோ!" என்று சொல்லி அத்தை ஃபோனை வைத்தாள்.

திங்கட்கிழமை பாப்பா டிரைவரின் மனைவியை மறுபடி கூப்பிட்டாள். பூட்டு, பாஸ்வேர்ட், காத்திருப்பு அறை எல்லாவற்றையும் சொன்னாள். மனைவி அதை அப்படியே கணவரிடம் சொல்வதும், அவர் ஏதோ உறுமுவதும் கேட்டது.

"என்ன சொல்றாரு அக்கா?"

"கையாலயே காட்டறாரு மேடம். ஃபோனைக் காட்டறாரு, உங்களைக் காட்டற மாதிரி மேல காட்டறாரு, அப்புறம் கதவு திறக்கற மாதிரி கையைத் திருப்பறாரு. கதவு உங்க கைலதானே இருக்குங்கறாரு போல. அவருக்கு நம்பிக்கை வரல."

அந்த மனுஷர் சொல்வதில் தப்பில்லை. எத்தனை பூட்டுப் போட்டாலும் சாவி இவள் கையில். இவள்தானே குரூப்பில் தப்பான லிங்க்கைப் போட்டவள்.

"அக்கா, ஒண்ணு பண்ணலாம். மீட்டிங்கை நான் நடத்தல. அவரே நடத்தட்டும். உங்க ஃபோன்ல அவரு பேர்ல ஒண்ணு உண்டாக்கலாம். நான்தான் வெளிய நிப்பேன். அவரு விட்டா வரேன், விடலைன்னா போயிடறேன்."

மனைவி சொன்னாள். பிறகு, "சரின்னு தலையை ஆட்டறாரு மேடம்" என்றாள்.

அதை உண்டாக்க ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது.

"மேல பச்சை கலர்ல ஒரு பட்டன் இருக்கும் பாருங்க."

"பச்சை இல்ல மேடம். நீலம்தான் இருக்கு."

"சரி, நீலத்தைத் தொடுங்க."

"தொட்டேன். எங்க தங்கச்சிக்கு ஃபோன் போகுது."

தங்கச்சியோடு பேசி முடித்து வந்தாள். மறுபடி முதலிலிருந்து. பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டு, பூட்டிக்கொண்டு, திறந்து, மொழி தானாக மாறி, அதையும் திருப்பி, ஒருவழியாக லிங்க் வந்து சேர்ந்தபோது பாப்பாவின் தொண்டை கட்டியிருந்தது. அடுத்தவருக்குக் குரல் பயிற்சி கொடுக்கிறவள், வெந்நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு லிங்க்கைத் தொட்டாள். 'காத்திருக்கவும், விரைவில் அனுமதிக்கப்படுவீர்கள்' என்று எழுத்து வந்தது. ஒரு நிமிடம் போயிற்று. மூன்று நிமிடம். மனம் மாறிவிட்டாரா? பட்டன் தெரியவில்லையா? மனைவியைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் அது எட்டிப் பார்ப்பது போலத்தானே? ஐந்து நிமிடம். ஒன்றும் செய்ய முடியாமல், யாரிடமும் கேட்க முடியாமல் அந்த வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அத்தைக்கு நாற்பது நிமிடம். பாப்பாவுக்கு முதல் முறையாக அவள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. அதிகமில்லை.

ஒன்பதாவது நிமிடம் திரை திறந்தது.

டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். இடது கட்டைவிரல் இன்னும் திரைக்குப் பக்கத்திலேயே நின்றது. அவர் பாப்பாவைப் பார்க்கவில்லை. கீழே எதையோ தொட்டு, உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பஸ் கிளம்புவதற்கு முன் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி. பாப்பா வாயைத் திறக்கவில்லை.

"ரெ..." என்றார். நெற்றி நரம்பு எழுந்தது. பாப்பா மேசைக்கடியில் கைகளை இறுக்கினாள்.

"ரெ... ண்டு."

இரண்டு பேர். அவரும் இவளும். படம் எதுவும் காட்டாமல், யாரும் கேள்வி கேட்காமல், அவராகச் சொன்ன முதல் வார்த்தை.

"ஆமா. ரெண்டு பேர்தான்" என்றாள் பாப்பா.

அத்தை மூன்று ஞாயிறுகள் வரவில்லை. நான்காவது ஞாயிறு குடும்ப மீட்டிங்கில் வந்து, வீடியோவை அணைத்துவிட்டு, "உள்ள வரலாமா? அனுமதி உண்டா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எல்லா இடத்திலும் அதே கேள்வி. பாப்பாவின் வீட்டுக்கு நேரில் வந்தாலும் வாசலில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி, "அனுமதி உண்டா?" என்றாள். சமையலறைக்குள் வரும்போதும் கேட்டாள். பாப்பா குளியலறையில் இருந்தபோது கதவைத் தட்டிக்கூடக் கேட்டாள். ஆனால் புதன்கிழமை காலைகளில் அவள் பாப்பாவின் ஃபோனுக்குக்கூட அழைப்பதில்லை. "அவரு எப்படி இருக்காரு? பேரைக் கேக்கல. எப்படி இருக்காருன்னு மட்டும் சொல்லு" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். "பரவால்ல அத்தை" என்றாள் பாப்பா. அதைச் சொல்வதே தொழில் விதிக்கு உட்பட்டதுதானா என்று அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

டிரைவர் ஒவ்வொரு வாரமும் அவளை வெளியே நிறுத்தினார். பட்டன் நன்றாகப் பழகிவிட்டது என்று மனைவி சொன்னாள், ஆனாலும் நான்கைந்து நிமிடம் ஆகும். பாப்பா அதற்குள் குறிப்புகளை எழுதிக்கொள்ளப் பழகிக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, முந்தைய வகுப்பு நீண்டுவிட்டது. அவள் அவசரமாக லிங்க்கைத் தொட்டபோது மணி பதினொன்று ஐந்து. அன்றைக்கென்று பார்த்து அவர் உடனே உள்ளே விட்டார். அவர் முகம் சரியில்லை. இடது கையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"அஞ்சு..." என்றார். தேடினார். பாப்பா காத்திருந்தாள். "நி... மிஷம்." மறுபடி தேடினார். உதடு இழுத்துக்கொண்டது, நாக்கு சுழன்றது. பாப்பாவுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. வாய் வரை வந்த அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

"லேட்டு!"

மூன்று வார்த்தைகள், வரிசையாக, முழுக் கோபத்தோடு. இருபத்தாறு வருடம் நேரத்துக்கு வண்டி எடுத்த மனுஷரின் குரல் அதில் இருந்தது. பாப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இத்தனை நாளாக ஐந்து நிமிடம், ஒன்பது நிமிடம் என்று அவளை நிறுத்தி வைத்தவர் சொல்கிறார்.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றாள். "இனிமே நேரத்துக்கு வந்துடறேன்."

அவர் இன்னும் திருப்தியடையவில்லை. பட்டியலைத் திறந்து இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முதல் படத்தைக் காட்டச் சொல்லித் தலையசைத்தார்.